மண்டேலா நினைவு மேடையில் பாதியில் நின்ற பாட்டு: விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நினைவேந்தல் குழுவின் தலைவர், செயலர், உறுப்பினர்கள் கவனத்துக்கு,

மண்டேலாவின் பிறந்தநாளான ஜூலை 18 அன்று டர்பனில் நாம் நடத்திய மண்டேலா நினைவு நிகழ்ச்சிக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. "தலைவரின் நினைவுக்குரிய கண்ணியத்துக்குப் பொருந்தாத ஜாஸ் போன்ற கேளிக்கை இசை வரும் ஆண்டுகளில் மேடையில் இடம்பெறாது." இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். அன்று மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸரோடு உட்கார்ந்திருந்தவன் நான். பல்கலைக்கழக ஜாஸ் மாணவர்களைக் குழுவின் சார்பில் போய் அழைத்தவனும் நான்தான். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயலரிடம் முதலில் தனியாகத்தான் பேசினேன். "சின்ன விஷயம், விட்டுடுங்க தம்பி" என்றார். சின்ன விஷயத்துக்கு எதற்கு அண்ணே தீர்மானம்? அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். குழுவில் இங்கேயே பிறந்து வளர்ந்த சிலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அவர்கள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறேன்.

மே மாதக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டது இது: எட்டுப் பேர் கொண்ட மாணவர் குழு, மலரஞ்சலி முடிந்ததும் 25 நிமிட வாசிப்பு, ஆளுக்கு 800 ராண்ட், வந்து போகும் கோம்பிக்கு (வாடகை வேன்) 1,500 ராண்ட், வாசிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சவுண்ட் செக். கூட்டக் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பிள்ளைகள் காலையில் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். முன்வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்த நம் ஆட்கள் அவர்களைப் பார்த்ததும், "மியூசிக்காரங்க பின்னால போங்க" என்று கைகாட்டினார்கள். பின்னால் என்றால் சமையல் கூடம். டபுள் பாஸ் வாசிக்கும் பையன் ஆளுயரக் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, சாம்பார் அண்டாவில் இடித்துவிடாமல், ஈரத் தரையில் வழுக்காமல், அடி அடியாக நகர்ந்து மேடைக்கு வந்து சேர்ந்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் எழுந்து வழி விட்டு, வாளியை நகர்த்திக் கொடுத்தார். நம் குழுவிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேர சவுண்ட் செக் பத்து நிமிடமாகச் சுருங்கியது. சரி, பள்ளிக் குழந்தைகளின் நடன ஒத்திகை இழுத்துக்கொண்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன். பந்தலுக்குள் ஜூலைக் காற்று வேறு. இசைத்தாள்கள் பறக்காமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். இதற்கு முன்னும் வெட்டவெளி மேடைகளைப் பார்த்த பிள்ளைகள் என்று அதிலேயே தெரிந்தது. ஏழு பேருக்குத் தாள்களில் கிளிப் மாட்டிக் கொடுத்துவிட்டு, ட்ரம்பெட் வாசிக்கும் பெண் தனக்குத் தாளே வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "மனப்பாடம் அங்கிள்" என்றாள்.

அப்புறம் நிகழ்ச்சி நிரல் மாறியது. மலரஞ்சலிக்குப் பிறகு என்றிருந்த வாசிப்பை, விருந்தினர் வந்து சேரும்வரை நேரத்தை ஓட்டுவதற்காக முன்னால் தள்ளினீர்கள். ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டும், ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்த நேரத்தில் முதல் இரண்டு உருப்படிகள் போயின. மூன்றாவதாக அவர்கள் எடுத்தது நம் நாட்டு ட்ரம்பெட் கலைஞர் ஹியூ மசெகெலாவின் 'ப்ரிங் ஹிம் பேக் ஹோம்' ('அவரை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்'). அந்தப் பாட்டு தொடங்கியதும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜூலு முதியவர்கள் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். நம் பந்தலில் அன்று யாரும் சொல்லாமல் தாமாக எழுந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பாட்டின் மெட்டு ஒரு சுற்று முடிந்து, ட்ரம்பெட் பெண் தனியாக வாசிக்க ஆரம்பித்தபோது விருந்தினரின் கார் வந்துவிட்டது. மேடை ஓரத்திலிருந்து என்னைப் பார்த்து, கழுத்தை அறுப்பதுபோல் விரலால் சைகை காட்டினீர்கள். அந்தச் சுற்று முடிய இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகாது என்று கையால் சொன்னேன். அதற்குள் உங்களில் ஒருவர் வந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மெயின் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டார். ஸ்பீக்கரில் கீபோர்டு போய்விட்டது, பாஸ் போய்விட்டது. ஆனால் ட்ரம்பெட்டுக்கு மைக் வேண்டாமே. அது மட்டும் பந்தல் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. ட்ரம்ஸ் பையன் என்னைப் பார்த்தான். அவள் எடுத்த வரியை அவசரப்படாமல் முடித்துவிட்டுத்தான் கருவியை இறக்கினாள். "நன்றி, நன்றி, கை தட்டுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு மாலையோடு நீங்கள் வாசலுக்கு ஓடினீர்கள்.

அதற்குப் பிறகு கண்ணியமான இசை என்று நீங்கள் போட்டது ஒருவருடைய கைப்பேசியிலிருந்து வீணை. மலரஞ்சலியின் நடுவே அந்தக் கைப்பேசிக்கு இரண்டு முறை வாட்ஸ்அப் செய்தி வந்த சத்தம் பெரிய ஸ்பீக்கரில் அலறியதை யாரும் சுற்றறிக்கையில் எழுதவில்லை.

விருந்தினர் முன்னதாக வந்துவிட்டது உங்கள் தவறில்லை. ஒரு நினைவு நிகழ்ச்சியை நடத்துவது எவ்வளவு தலைவலி என்று பல மேடைகளுக்கு ஒலிபெருக்கி போட்டவன் என்ற முறையில் எனக்கும் தெரியும். சத்தம் அதிகம் என்று முன்வரிசையில் இரண்டு பாட்டிமார் முகம் சுளித்ததும் உண்மை. அதை என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் குறைத்திருப்பேன். அதெல்லாம் அன்றோடு போக வேண்டிய சங்கதிகள். ஆனால் நடந்ததற்கு வருத்தம் தெரிவிப்பதை விட்டுவிட்டு, நடந்ததற்கு அந்தப் பிள்ளைகளின் இசையே காரணம் என்று தீர்மானம் போட்டீர்களே, அதைத்தான் விடமுடியவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு பரிமாறி முடிந்தபின், சமையல் கூடத்தின் பக்கமாக எட்டுப் பொட்டலங்களும் எட்டுச் சான்றிதழ்களும் போயின. சான்றிதழில் ஒரு பெயர்கூட இல்லை, "பல்கலைக்கழகக் குழு" என்று மட்டும் அச்சடித்திருந்தது. பணம் கேட்டபோது பொருளாளர் சொன்ன பதில்: இது மண்டேலா நாள், எல்லோரும் 67 நிமிடம் சேவை செய்கிறோம், இது அவர்களுடைய சேவை. கோம்பி ஓட்டுநருக்கு அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சில்லறை சேர்த்துக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

ஐயா, 67 நிமிடம் என்பது மண்டேலா பொதுவாழ்வுக்குக் கொடுத்த 67 ஆண்டுகளை நினைத்து ஒருவர் தாமாகக் கொடுப்பது. பேசிய கூலியைக் கொடுக்காமல் நாமே எடுத்துக்கொண்டு அதற்குச் சேவை என்று பெயர் வைப்பது வேறு கணக்கு. பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தீர்கள். சமையல்காரருக்கும், எல்இடி திரை வைத்தவருக்கும் கொடுத்தீர்கள். என் ஒலிபெருக்கி வாடகை மறுநாள் காலையிலேயே வங்கிக்கு வந்துவிட்டது. அந்த எட்டுப் பேர் மட்டும்தான் அன்று சேவை செய்தவர்களா? அவர்களில் பலர் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு உதவித்தொகையில் படிப்பவர்கள். அந்தப் பணம் தள்ளிப்போகும் மாதங்களில் விடுதி வாடகைக்கே திண்டாடுகிறவர்கள். 800 ராண்ட் உங்களுக்கும் எனக்கும் ஒரு தடவை காருக்குப் பெட்ரோல் போடுகிற காசு.

இனி அந்தத் தீர்மானத்துக்கு வருகிறேன். ஜாஸ் கேளிக்கை இசை, மண்டேலாவின் நினைவுக்குப் பொருந்தாது. இதை இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படி எழுதினீர்கள்?

நீங்கள் பாதியில் நிறுத்திய பாட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980களின் நடுவில், சிறையில் இருந்த மண்டேலா, போட்ஸ்வானாவில் இருந்த மசெகெலாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கடிதம் எழுதினார். சிறைக்காரர்களின் கண்ணில் படாமல் வெளியே வந்த கடிதம். மசெகெலா 1960-லேயே நாட்டை விட்டுப் போனவர், திரும்பி வர வழியில்லாதவர். சிறையில் இருக்கிற மனுஷன் வெளியே இருக்கிற தனக்குத் தைரியம் சொல்லி எழுதியிருக்கிறாரே என்று அவர் நெஞ்சு உடைந்ததில் பிறந்ததுதான் அந்தப் பாட்டு. 1987-ல் வெளிவந்து, மண்டேலாவின் விடுதலையைக் கேட்டு ஊர் ஊராக ஒலித்தது. மண்டேலா கைப்பட எழுதிய ஒரு கடிதத்துக்கு வந்த பதிலை, மண்டேலாவின் நினைவு நாளில், விருந்தினர் காருக்காக நிறுத்தினோம். அதற்குப் பெயர் கண்ணியம்!

இது ஏதோ ஒரு பாட்டின் கதை என்று ஒதுக்க முடியாது. 1959-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் 'கிங் காங்' என்ற ஜாஸ் இசை நாடகம் அரங்கேறியது. டாட் மட்ஷிகிஸா இசையமைத்தது, பாடகி மிரியம் மகேபா நடித்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்க்க வேறு பெரிய அரங்கு கிடைக்காத காலம் என்பதால்தான் பல்கலைக்கழக மண்டபம். அரங்கேற்ற இரவில் பார்வையாளர்களில் ஒருவர் மண்டேலா. தேசத்துரோக வழக்கு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த நாளில் வந்து உட்கார்ந்து கேட்டார். அந்த வாத்தியக் குழுவில் இருந்த இளைஞர்கள் மசெகெலாவும் ட்ராம்போன் வாசித்த ஜோனஸ் குவாங்வாவும். பின்னாளில் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தன் போராட்டத்தை உலகுக்குச் சொல்ல 'அமாண்ட்லா' என்ற கலைக்குழுவை நாடு நாடாக அனுப்பியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் இதே குவாங்வா. 1985-ல் போட்ஸ்வானா தலைநகர் கபரோனேயில் அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். கேளிக்கைக்காரன் வீட்டில் யாராவது குண்டு வைப்பார்களா?

உங்களுக்கு இன்னும் பக்கத்தில், நம் டர்பனிலேயே ஒரு கதை இருக்கிறது. 1983-ல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் இங்கே நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஜாஸ் பட்டப்படிப்பைத் தொடங்கினார். இந்தக் கண்டத்தில் அதற்கு முன் வேறெங்கும் அப்படி ஒரு படிப்பு இல்லை. 1988-ல், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோதே, அந்தத் துறையின் மாணவர்கள் 'ஜாஸானியன்ஸ்' என்ற குழுவாக அமெரிக்காவுக்குப் போய் டெட்ராயிட்டில் ஜாஸ் ஆசிரியர்கள் மாநாட்டில் வாசித்தார்கள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே மேடையில். ஒரே பேருந்தில் போவதற்கே தடை இருந்த நாட்டிலிருந்து போனவர்கள். அதில் ட்ரம்பெட் வாசித்த ஜானி மெகோவா நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மாணவராக வந்து சேர்ந்தவர். படிப்பு முடித்துப் போய் 1994-ல் ஜோஹன்னஸ்பர்க்குக்கு அருகே பெனோனிப் பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்காக இசைப் பள்ளி ஆரம்பித்தார். ஜிம் எங்கவானா என்ற சாக்ஸபோன்காரரும் அந்தக் குழுவில் இருந்தார்.

அந்த எங்கவானாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1994 மே 10, பிரிட்டோரியா யூனியன் பில்டிங்ஸ், மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்கிறார். உலகத் தலைவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்த அந்த விழாவில் நூறு பேர் கொண்ட முரசுக் குழுவை நடத்தியவர் யார்? நம் ஊர் வளாகத்தில் மாணவராக நின்று வாசித்துக்கொண்டிருந்த அதே எங்கவானா. டெட்ராயிட்டுக்கும் யூனியன் பில்டிங்ஸுக்கும் இடையே ஆறு ஆண்டுதான். ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமும் அந்தப் பதவியேற்பில் வாசித்தார். மண்டேலாவின் ஆட்சி ஜாஸ்காரர்களின் வாசிப்போடு ஆரம்பித்தது என்றால் மிகையில்லை. அவர் நினைவு நாளில் அந்த இசைக்கு இடமில்லை என்று சொல்ல நாம் யார்?

அழ வேண்டிய இடத்தில் ஆட்டம் எதற்கு என்று நம் குழுத் தலைவர் அன்று கேட்டார். 2013 டிசம்பர் 10, சொவெட்டோ எஃப்என்பி அரங்கத்தில் மண்டேலாவுக்கு அரசு நினைவு நிகழ்ச்சி நடந்தது. கொட்டுகிற மழை. ஜனங்கள் குடைக்குள் ஒடுங்கவில்லை. மணிக்கணக்காகப் பாடினார்கள், ஆடினார்கள், காலால் தரையை அதிர வைத்தார்கள். இந்த நாட்டில் போராட்டக் காலத்துச் சவ ஊர்வலங்கள் எல்லாமே பாட்டும் ஆட்டமுமாகத்தான் போயின. துக்கத்துக்கு ஒரே முகம்தான் உண்டு, அது கைகட்டித் தலைகுனிந்து நிற்பது என்று யார் சொன்னது?

நம்மிடமே கேட்டுக்கொள்வோம். தாத்தா நிறைவாக வாழ்ந்து போனால் பறையும் தப்புமாகத்தானே எடுக்கிறோம்? அடி கேட்டதும் துண்டை உதறி ஆடுகிற மாமன்மாரைப் பார்த்து, கேளிக்கை என்று யாராவது சொன்னதுண்டா? அதே நேரம், அந்தப் பறையை அடித்தவரை நாம் எங்கே உட்கார வைத்தோம், எதில் சோறு போட்டோம், கூலியை எப்படித் தூக்கிப் போட்டோம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசிப்பு வேண்டும், வாசிக்கிறவன் கொல்லைப்புறமாக வரட்டும் என்கிற அந்தப் புத்தி கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது. ஜூலை 18 அன்று அண்டாக்களுக்கு நடுவில் டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு வந்த பையனைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த கோபம் அதுதான்.

இந்த நாட்டுக்கும் அது புதிதில்லை. நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் விடுதிகளில் வாசிக்கப் போன கறுப்பு இசைக்கலைஞர்கள் சமையலறை வழியாகத்தான் போனார்கள், அங்கேயேதான் சாப்பிட்டார்கள். 1960களில் கேப் டவுனில் வின்ஸ்டன் மன்குன்கு என்கோஸி திரைக்குப் பின்னால் நின்று சாக்ஸபோன் வாசிக்க, முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வாசிப்பதுபோல் நடித்த கூத்தும் நடந்தது. நாம் திரை போடவில்லை. பெயரை மட்டும் அச்சடிக்காமல் விட்டுவிட்டோம்.

"நமக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்ததாகக் கேள்விப்பட்டேன். 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் இருக்கும் குழுவிலா இந்தக் கேள்வி? 1950களில் இதே டர்பனில், விக்டோரியா தெருவில், பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் ஜாஸ் கேட்க ஊரே கூடிய இடம். லயனல் பிள்ளை என்ற பியானோக்காரரின் பெயரை இன்றும் தென்னாப்பிரிக்க ஜாஸ் தெரிந்தவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். பாடகர் சன்னி பிள்ளை மகேபாவையே கொஞ்ச காலம் மணந்திருந்தவர். இந்தப் பெயர்களை எல்லாம் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த நம் குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கிய அதே இனவாரிக் குடியிருப்புச் சட்டம்தான் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியைத் தரைமட்டமாக்கி, அங்கே தெருவுக்குத் தெரு வாசித்துக்கொண்டிருந்தவர்களைச் சிதறடித்தது. ஒரே சட்டத்தில் அடிபட்டவர்கள் நாம். சம்பந்தம் இல்லையாம்.

ஜாஸ் எல்லோருக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலேயே பிடிக்காது. நிகழ்ச்சியில் தேவாரமும் இருக்கட்டும், பள்ளிக் குழந்தைகளின் நடனமும் இருக்கட்டும், வீணையும் இருக்கட்டும். (கைப்பேசியை மட்டும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.) நான் கேட்பது அந்த மாணவர்களுக்குச் சலுகை அல்ல. ஒப்புக்கொண்டதைச் செய்யுங்கள், செய்யாததற்கு அவர்கள்மேல் பழி போடாதீர்கள் என்பதுதான்.

எனவே குழுவிடம் இவற்றைக் கேட்கிறேன்.

முதலில், அந்தத் தீர்மானத்தை ஆகஸ்ட் கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். "கேளிக்கை இசை" என்ற வரியை அடித்துவிட்டு, திரும்பப் பெற்றதை அடுத்த சுற்றறிக்கையில் அச்சிடுங்கள். முதல் சுற்றறிக்கை போன எல்லா முகவரிகளுக்கும் இதுவும் போக வேண்டும்.

எட்டு மாணவர்களுக்கும் தனித்தனியாக, அவரவர் பெயர் எழுதி, மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டுக் கைகழுவ வேண்டாம். ட்ரம்பெட் வாசித்த பெண்ணின் கடிதத்தில் பாட்டை நடுவில் நிறுத்தியது நம் பிழை என்று தெளிவாக இருக்கட்டும். பெயர்களின் எழுத்து சரியாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் என்னிடம் ஒரு தடவை காட்டுங்கள். பெயரோடு புதுச் சான்றிதழும் கூடவே போகட்டும்.

பேசிய தொகையை முழுவதுமாகக் கொடுங்கள். எட்டுப் பேருக்கு 6,400 ராண்ட், கோம்பிக்கு 1,500, மொத்தம் 7,900 ராண்ட். குழுவின் கணக்கில் பணம் இல்லை என்றால் கூட்டத்தில் சொல்லுங்கள், என் வாடகைத் தொகையை அதில் ஈடுகட்டத் திருப்பிக் கொடுக்கிறேன். ஆனால் காசோலை குழுவின் பெயரில்தான் போக வேண்டும், என் பெயரில் அல்ல.

அடுத்த ஜூலையில் அதே மாணவர்களை மறுபடி அழையுங்கள். மலரஞ்சலிக்குப் பிறகு, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், 25 நிமிடம். அழைப்பிதழில் அவர்கள் பெயர்கள், முன்வாசலில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே சந்தனம், பந்தியில் மற்றவர்களோடு இலை. விருந்தினர் யாராக இருந்தாலும், வாசிப்பு நடக்கும்போது வந்தால், அது முடியும்வரை வாசலில் நிற்கட்டும். இதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள், அப்போதுதான் அன்றைக்கு யாரும் மிக்ஸர் பக்கம் கை நீட்டமாட்டார்கள்.

அவர்கள் வருவார்களா என்பது அவர்கள் இஷ்டம். நீங்களே நேரில் போய்க் கேட்க வேண்டும். இந்த முறை நான் தூது போக மாட்டேன்.

மேற்சொன்னவற்றுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் இந்த மடலை விவாதப் பட்டியலில் சேர்க்கச் செயலரிடம் தனியாக விண்ணப்பமும் கொடுத்திருக்கிறேன். மாணவர்களின் வங்கி விவரங்கள் அவர்கள் சம்மதத்தோடு என்னிடம் இருக்கின்றன, பொருளாளர் கேட்ட அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நிகழ்ச்சியின் ஒலி அமைப்பாளர், குழு உறுப்பினர்,
டர்பன்